நாற்பத்து மூன்றாவது தடை

செம்பியன் எதையும் ஒரு முறை பார்த்து நம்பியவர் அல்லர். சமையல் எரிவாயு உருளையின் திருகை மனைவி மூடியபின் தாமும் ஒரு முறை தொட்டுப் பார்ப்பார். நடத்துநர் கிழித்துக் கொடுத்த பேருந்துச் சீட்டை இறங்கும்வரை மடிக்காமல் படித்துக்கொண்டிருப்பார். சிதம்பரம் கீழவீதியில் காய் வாங்கினால், தராசுத் தட்டைத் தூக்கி அதன் அடிப்பக்கத்தை நோக்காமல் காசை நீட்டமாட்டார். "உங்க அப்பாவ மாப்பிள்ளை பாக்க அனுப்பினா, பையனோட பல்லை எண்ணிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பாரு" என்று அவருடைய மனைவி ஜோதிலட்சுமி மகளிடம் சொல்லிச் சிரிப்பதுண்டு. செம்பியன் சிரிக்கமாட்டார். பல்லை எண்ணுவதில் என்ன தவறு என்பதே அவர் எண்ணம்.

இது பிறவிக்குணம் அன்று. தொழில் ஊட்டிய குணம். இருபது ஆண்டுகள் அவர் விமானப்படையில் ஹெலிகாப்டர் பராமரிப்புப் பணியில் இருந்தவர். அங்கே ஒருவர் முடுக்கிய நட்டை மற்றொருவர் சரிபார்த்த பின்னரே வண்டி தரையை விட்டு எழும். முடுக்கியவர் எவ்வளவு நல்லவராயினும் சரிபார்ப்பவர் அவரை நம்பக்கூடாது. நம்பாமையே அங்கே மரியாதை. ஒரு முறை, வடகிழக்கு மலைப்பகுதியில், காலையில் செம்பியன் பார்த்துக் கையெழுத்திட்டு அனுப்பிய ஹெலிகாப்டர் திரும்பி வரவில்லை. அதில் சென்ற இருவரும் வரவில்லை. மூன்று மாதம் நடந்த விசாரணையில் எல்லாருடைய கண்ணும் அந்தக் கையெழுத்தின் மேலேயே இருந்தது. இறுதியில், பள்ளத்தாக்கின் குறுக்கே விறகுக் கட்டுகளை இழுப்பதற்காக யாரோ கட்டியிருந்த ஒரு கம்பியில் அது மோதியது என்று தெரிந்தது. எந்த வரைபடத்திலும் அந்தக் கம்பி இல்லை. செம்பியன்மேல் குற்றமில்லை என்று எழுதிக்கொடுத்தார்கள். அதையும் அவர் இரண்டு முறை படித்துப் பார்த்தார்.

2006-இல் ஓய்வு பெற்றுச் சிதம்பரம் திரும்பியவருக்கு, 2009 மார்கழியில் பெங்களூரிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் அன்பரசு என்ற இளம் பொறியாளர். இராணுவ ஹெலிகாப்டர்கள் எதிலும் மோதாமல் தப்புவதற்கான ஒரு கருவியை அவருடைய நிறுவனம் உருவாக்கிக்கொண்டிருந்தது. ஹெலிகாப்டரின் மூக்கில் பொருத்தப்படும் அந்தக் கருவி, லேசர் ஒளியை முன்னால் வீசும். எதிரில் கம்பியோ கோபுரமோ இருந்தால் பட்டுத் திரும்பும் ஒளியைக்கொண்டு கண்டுபிடித்து, விமானியின் காதில் ஒலியெழுப்பும். எதிரியின் ரேடாருக்குத் தப்ப வேண்டுமானால் மர உயரத்தில்தான் பறக்க வேண்டும். அந்த உயரத்தில் குண்டுக்கு அஞ்சுவதைவிடக் கம்பிக்கு அஞ்ச வேண்டும் என்பது செம்பியனுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

"வெள்ளாத்து மேலதான் சார் டெஸ்ட் பண்ணப்போறோம். சேத்தியாத்தோப்பு அணைக்கட்டுலேருந்து பரங்கிப்பேட்டை முகத்துவாரம் வரைக்கும் ஆத்தைக் கடக்கிற ஒவ்வொரு கம்பியும், கரையோரம் உயரமா நிக்கிற ஒவ்வொண்ணும் எங்களுக்குப் பட்டியலா வேணும்."

"மின்வாரியத்துல கேட்டா அவுங்க கம்பியெல்லாம் குடுத்துடுவாங்களே. நான் எதுக்கு?"

"அவுங்க கம்பியை அவுங்க குடுப்பாங்க சார். மத்த கம்பியை யாரு குடுப்பா?"

செம்பியன் தொலைபேசியை மறுகாதுக்கு மாற்றினார். பிறகு கேட்டார்: "நாளைக்கு உங்க மெஷின் ஒண்ணு சொல்லி, என் பட்டியல் வேற ஒண்ணு சொன்னா, எதைத் திருத்துவீங்க?"

"போய்ப் பாப்போம் சார்."

அந்த விடை அவருக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததாலேயே அதன்மேல் ஓர் ஐயமும் எழுந்தது. ஆயினும் அன்பரசு இறுதியாகச் சொன்ன வார்த்தை அவரை ஒப்புக்கொள்ள வைத்தது. "முதல் சில சுத்துல பைலட் நம்பப்போறது எங்க மெஷினை இல்ல சார். நீங்க கையெழுத்துப் போட்ட தாளைத்தான்."

பொங்கல் கழிந்த மறுநாள் செம்பியன் வேலையைத் தொடங்கினார். சேறு தெரியாதிருக்கக் காக்கிக் காற்சட்டை, கழுத்தில் தொலைநோக்கி, பையில் ஜி.பி.எஸ். கருவியும் உயரம் கணிக்கும் கோணமானியும். மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் அளவுநாடா. அவருடைய முறை எளியது. ஆற்றின் ஒவ்வொரு வளைவிலும் நின்று முதலில் கண்ணால் பார்ப்பார். பிறகு கருவியால் அளப்பார். பிறகு கரையில் இருப்பவரிடம், "இங்கே ஆத்துக்குக் குறுக்கே ஏதாவது போவுதா?" என்று கேட்பார். கேட்ட பிறகு, அவர் சொன்னதை நம்பாமல் மறுபடியும் பார்ப்பார்.

கரையில் இருந்தவர்களும் அவரை நம்பவில்லை. புவனகிரிப் பக்கம் சாலையை அகலப்படுத்த வந்தவர் என்றார்கள். பரங்கிப்பேட்டைப் பக்கம், "எந்தக் கம்பெனிக்கு நெலம் பாக்குறீங்க?" என்று நேராகவே கேட்டார்கள். ஹெலிகாப்டருக்காகக் கம்பி எண்ணுகிறேன் என்று அவர் சொன்ன உண்மையை ஒருவரும் ஏற்கவில்லை. அது அவ்வளவு மட்டமான பொய்யாக அவர்களுக்குத் தோன்றியது.

பதினோரு நாளில் நாற்பத்திரண்டு தடைகள் பட்டியலில் ஏறின. எஞ்சியிருந்தது வேலங்குடித்திட்டு என்ற சிற்றூருக்கு எதிரே உள்ள வளைவு ஒன்றுதான். ஊர் வடகரையில், தென்கரையில் அஞ்சம்மாளின் தேநீர்க்கடை. கடையின் பின்னால் தடித்த இரும்புக் குழாய் ஒன்று உயரமாக நட்டிருந்தது. செம்பியன் தொலைநோக்கியை எடுத்து வடகரையைப் பார்த்தார். அங்கேயும் சரியாக அதற்கு எதிரே அதே பருமனில் ஒரு குழாய். இரண்டுக்கும் நடுவே ஆற்று நீரும் வெயிலும் தவிர ஒன்றுமில்லை.

"ஏம்மா, இது என்னா கம்பம்?"

"கொடிக்கம்பம் சார்" என்றார் அஞ்சம்மாள், தேநீரை ஆற்றியபடியே.

"எந்தக் கட்சி?"

"யாரு ஜெயிக்கிறாங்களோ அவுங்க கட்சி."

"அந்தக் கரையில இருக்கிறது?"

"அது தோத்தவங்களுக்கு."

செம்பியன் கம்பங்களின் உயரத்தை மட்டும் குறித்துக்கொண்டு தேநீரைக் குடித்தார். அப்போது வடகரையிலிருந்து படகில் வந்த ஒரு பெண்ணிடம் அஞ்சம்மாள் தாழ்ந்த குரலில் சொன்னது அவர் காதில் விழுந்தது: "அந்தப் பாலைக் குடிச்சிட்டா பாத்தியா, பாவி. மாமியாக்காரி கண்ணெதிரத்தான் வெசத்தக் கலந்தா. இனி பொழைக்க மாட்டா."

செம்பியன் திடுக்கிட்டார். "யாரும்மா பாலைக் குடிச்சது?"

இரு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அது குடும்ப விசயம் சார். நீங்க டீயக் குடிங்க" என்றார் அஞ்சம்மாள்.

வீடு வரும்வரை அவருக்கு அதே நினைவுதான். கம்பத்தைப் பற்றிக் கேட்டால் மழுப்புகிறார்கள். ஒரு பெண்ணுக்கு நஞ்சு வைத்ததைக் குடும்ப விஷயம் என்கிறார்கள். காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாமா என்றுகூட யோசித்தார். கை கால் கழுவிக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது, ஜோதிலட்சுமி தொலைக்காட்சியின் முன்னால் உட்கார்ந்திருந்தார். திரையில் ஒரு மருமகள் வெள்ளி டம்ளரை வாயில் வைத்தாள். கதவோரம் நின்ற மாமியார் புன்னகைத்தாள்.

"நேத்தே பாலைக் குடிச்சிட்டாங்க. இன்னிக்கும் அதையே காட்டுறான்" என்றார் ஜோதிலட்சுமி.

செம்பியனுக்கு முதலில் வெட்கம் வந்தது. அடுத்த நொடியே அதைவிடப் பெரிதாக ஒன்று உறைத்தது. "ஜோதி, இந்த நாடகம் ஆன்டெனா வச்சாத் தெரியுமா?"

"தெரியாதுங்க. கேபிள் இருக்கணும், இல்லாட்டி டிஷ் இருக்கணும்."

வேலங்குடித்திட்டின் கூரைகளை அவர் தொலைநோக்கியால் ஒவ்வொன்றாகப் பார்த்திருந்தார். டிஷ் ஒன்றுகூட இல்லை. வடகரைச் சாலையின் மின்கம்பங்களில் கேபிள் ஒயரும் இல்லை. அரசு கொடுத்த இலவசத் தொலைக்காட்சிப் பெட்டி வீட்டுக்கு வீடு இருக்கும். ஆனால் மருமகள் குடித்த பால் எந்த வழியாக அந்த ஊருக்குப் போயிற்று?

மறுநாள் மாலை அவர் மோட்டார் சைக்கிளைத் தொலைவில் நிறுத்திவிட்டுக் கரைமேட்டில் நாணற்புதர் ஓரமாக உட்கார்ந்தார். ஆறே கால் மணிக்கு அஞ்சம்மாள் கடையின் பின்பக்கம் வந்தார். விறகுக் குவியலுக்குள் கையை விட்டு, வளைந்த இரும்புக் கைப்பிடி ஒன்றை உருவினார். சாக்கால் மூடியிருந்த ஒரு வின்ச்சில், மீன்பிடிப் படகில் வலை இழுக்க வைத்திருப்பார்களே அதே வகை வின்ச்சில், அதைச் செருகிச் சுற்றத் தொடங்கினார். கிரீச்சென்ற ஒலி எழுந்தது. ஆற்றின் நடுவில் நீர் கோடு போட்டாற்போலக் கீறிக்கொண்டது. அந்தக் கீறலிலிருந்து, பாசியும் ஆகாயத்தாமரைத் தண்டும் தொங்க, சொட்டச் சொட்ட ஓர் எஃகுக் கம்பி மேலே எழுந்து வந்தது. அதனோடு பிணைத்துக் கறுப்பு கேபிள் ஒயர்; நீருக்குள் கிடந்தால் படம் சரியாக வராது. இரண்டு கொடிக்கம்பங்களுக்கும் நடுவே அது விறைத்து நின்றபோது, அந்தி வெளிச்சத்தில் இருபது அடி தள்ளி நின்றாலே கண்ணுக்குத் தெரியவில்லை.

அன்று மாலையே பட்டியலில் கையெழுத்திட்டு அனுப்புவதாகச் செம்பியன் அன்பரசுவிடம் சொல்லியிருந்தார்.

அவர் எழுந்து வந்ததைப் பார்த்ததும் அஞ்சம்மாள் கைப்பிடியைப் புடவைக்குள் மறைத்தார். படம் தெளிவாக வருகிறதா என்று பார்க்க வந்திருந்த சேத்தியாத்தோப்பு கேபிள்காரர் தங்கராசு, ஓடலாமா நிற்கலாமா என்று தெரியாமல் பாதி திரும்பிய நிலையில் நின்றார்.

"சார், நீங்க யாரோட ஆளுன்னு இப்பவாவது சொல்லிடுங்க" என்றார் தங்கராசு. "மின்வாரியத்து ஸ்குவாடா? இல்ல, புவனகிரி கேபிள்காரன் அனுப்பிச்ச ஆளா? அவன்தான் என் ஒயரை ரெண்டு தபா அறுத்தவன்."

"கரை பூரா சொல்லிக்கிட்டுத்தானே வர்றேன், ஹெலிகாப்டர்னு."

"பாருக்கா, இன்னும் அதையேதான் சொல்றாரு."

"சுனாமி அப்ப வந்து சாப்பாட்டுப் பொட்டலம் போட்டுச்சே, அந்த ஹெலிகாப்டரா?" என்று அஞ்சம்மாள் கேட்டார்.

"அந்த மாதிரிதாம்மா. வர்ற வியாழக்கிழமை பத்து மணிக்கு இந்த ஆத்து மேல, இந்தப் பனைமரத்துக்கும் கீழே பறந்து வரும். உள்ள நாலு பேர் இருப்பாங்க. இந்தக் கம்பி அவுங்க கண்ணுக்குத் தெரியாது."

முதன்முறையாக இருவரும் கம்பியை அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு தங்கராசு சொன்னார்: "அப்ப ஒண்ணு செய்யிறோம் சார். அன்னிக்கு எறக்கியே வச்சுடுறோம். நீங்க மட்டும் எழுதாதீங்க. எழுதுனா அது கலெக்டர் ஆபீசு வழியாத்தான் போவும். ஆறு அரசாங்கத்து ஆறு, வந்து அறுத்துடுவாங்க. ஊருக்கு நாலு கிலோமீட்டர் சுத்தி ஒயர் இழுக்க எனக்குச் சக்தி கெடையாது."

"எறக்கி வைப்பீங்கன்னு நான் எப்படி நம்புறது?"

"சத்தியமா சார்."

"கொடிக்கம்பம்னும் சத்தியமாத்தான் சொன்னாங்க."

"நான் சத்தியம்லாம் பண்ணலை. சும்மாத்தான் சொன்னேன்" என்றார் அஞ்சம்மாள்.

செம்பியன் கோணமானியை எடுத்து அளந்தார். நடு ஆற்றில் நீர்மட்டத்திலிருந்து பதினோரு மீட்டர். நாற்பத்து மூன்றாவது வரியில் இடத்தையும் உயரத்தையும் எழுதினார். அடுத்த கட்டத்தின் தலைப்பு உரிமையாளர் என்றிருந்தது. அவர் தம் பணிக்காலத்தில் ஒரு கட்டத்தையும் வெறுமையாக விட்டதில்லை. பொய்யாக நிரப்பியதும் இல்லை. பேனாவைப் பிடித்தபடி நிமிர்ந்தார்.

"நான் இப்ப முறைப்படி கேக்கப்போறேன். என் காதுல என்ன விழுதோ அதைத்தான் எழுதுவேன். யோசிச்சுப் பதில் சொல்லுங்க. இந்தக் கம்பி யாருடையது?"

தங்கராசு வாயைத் திறந்தார். அஞ்சம்மாள் அவர் முழங்கையில் ஒரு கிள்ளு கிள்ளினார். கைப்பிடியைப் புடவைக்குள் இன்னும் பிடித்தபடியே, "எந்தக் கம்பி சார்?" என்றார்.

'கரையில் விசாரித்ததில் எவரும் தமது என்று ஒப்புக்கொள்ளவில்லை' என்று செம்பியன் எழுதிக் கையெழுத்திட்டார். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. "ஆனா ஒண்ணு. எழுதினது எழுதினதுதான். வியாழக்கிழமை பத்து மணிக்குக் கம்பி மேலதான் இருக்கணும். எறக்கக்கூடாது."

சரி என்று இருவரும் தலையாட்டினார்கள். அவர்கள் அவ்வளவு வேகமாகத் தலையாட்டியது அவருக்குப் பிடிக்கவில்லை.

வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு அவர் வந்தபோது, அஞ்சியது போலவே ஆற்றின் மேல் ஒன்றுமில்லை. காரணமும் கண்முன்னே நின்றது. கூட்டம் சேராமல் பார்த்துக்கொள்ள வந்த போலீஸ் ஜீப்பையும், அதனோடு வந்த வருவாய் ஆய்வாளரையும் கண்டதும், வழக்கப்படி கம்பியை ஆற்றுக்குள் இறக்கிவிட்டார்கள். காக்கியைக் கண்டால் இறக்குவது அவர்களுக்குக் கை தானாகச் செய்யும் வேலை. ஆய்வாளர் தேநீர்க்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தார்.

"கைப்பிடி எங்கேம்மா?"

"இன்னா கைப்பிடி?" என்றார் அஞ்சம்மாள், ஆய்வாளரைக் கண்ணால் காட்டி.

தங்கராசு செம்பியனைக் கடையின் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போனார். "சார், நெனைச்சுப் பாருங்க. கம்பி தண்ணிக்குள்ள இருந்தா ஹெலிகாப்டருக்கு நல்லதுதானே? ஒண்ணும் இல்லாத ஆத்துல ஜாலியாப் போவட்டுமே!"

"இன்னிக்கு ஜாலியாப் போவும். மெஷின் 'இங்க ஒண்ணும் இல்லை'ன்னு சொல்லும். பட்டியல்தான் தப்புன்னு என் வரியை அடிச்சுடுவாங்க. அடுத்த தடவை சாயங்காலம் ஆறரை மணிக்கு வந்தா? உன் நாடகத்துக்காக நீ கம்பிய ஏத்தி வச்சிருக்கிறப்ப வந்தா?"

அடுப்பருகே நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்த அஞ்சம்மாள், பால் சட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்து, மூடி, ஒருமுறை வானத்தையும் ஒருமுறை ஆய்வாளரையும் பார்த்தார். பிறகு சர்க்கரை டப்பாவுக்குள்ளிருந்து கைப்பிடியை எடுத்துச் செம்பியன் கையில் வைத்தார்.

"நீங்களே சுத்துங்க. என் கையால நான் காட்டிக்குடுக்க மாட்டேன்."

வின்ச் கிரீச்சிட்டதும் ஆய்வாளர் வடையோடு எழுந்துவந்தார். ஆற்றிலிருந்து கம்பி எழுந்ததைக் கண்டு அவருடைய வாய் மெல்லுவதை நிறுத்தியது. "யோவ், இது யாரோட கம்பி? எறக்குய்யா முதல்ல!"

செம்பியன் கைப்பிடியை உருவித் தம் பைக்குள் போட்டார். பிறகு வின்ச்சின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். அப்போதே மேற்கிலிருந்து அந்த ஒலி வந்துவிட்டது. நான்கு ஆண்டுகளாக அவர் அருகில் கேட்காத ஒலி. நெஞ்சுக்கூட்டில் அடிப்பது காதால் கேட்பதற்கு முன்னரே தெரிந்தது. நீரைச் சிலிர்க்கச் செய்தபடி, பனைமரங்களுக்குக் கீழே, ஹெலிகாப்டர் வளைவைத் திரும்பியது. கம்பிக்கு நேராக வந்தது. செம்பியன் கண்ணை மூடவில்லை. விமானி தாளைப் படித்தாரா, படித்ததை நம்பினாரா, கருவி ஒலித்ததா என்று எதுவும் கீழே இருப்பவருக்குத் தெரிய வழியில்லை. வெகுதூரத்திலேயே அதன் மூக்கு நிமிர்ந்தது; வயிற்றைக் காட்டியபடி உயர்ந்தது; கம்பிக்கு மேலே கடந்து, மறுபடியும் தாழ்ந்து, கிழக்கே பரங்கிப்பேட்டையை நோக்கிப் போயிற்று. கடையின் கீற்றில் பாதி பறந்துவிட்டிருந்தது.

தொலைபேசி அடித்தது. அன்பரசு கத்தினார்: "புடிச்சிருச்சு சார்! அறுநூறு மீட்டர் முன்னாடியே புடிச்சிருச்சு. ஆனா அதுக்கு முந்தியே பைலட் தூக்கிட்டாரு. நாற்பத்து மூணாவதுன்னு வாய்விட்டு எண்ணிக்கிட்டே வந்தாராம்."

செம்பியன் 'சரி' என்று மட்டும் சொன்னார். எல்லாரும் கீற்றைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தார்கள்.

ஆய்வாளர் விடவில்லை. "ஆத்து மேல அனுமதியில்லாத கம்பி. இப்பவே அறுக்கணும்."

"தாராளமா அறுங்க சார்" என்றார் செம்பியன். "ஆனா இது கையெழுத்தான பட்டியல்ல இருக்கிற தடை. சோதனை முடியிற வரைக்கும் ஒரு தடையை எடுத்தாலும் பட்டியல் பொய்யாயிடும். நீங்க அறுத்தேன்னு தேதியோட எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நான் பெங்களூருக்கும் விமானப்படைக்கும் அனுப்பிட்டு வரியை நீக்கிடுறேன்."

"சோதனை எப்ப முடியும்?"

"ரெண்டு வருசம் ஆவும்னு சொல்றாங்க. நான் நம்பலை. ஜாஸ்தி ஆவும்."

ஆய்வாளர் பேனாவையும் தாளையும் பார்த்தார். விமானப்படைக்குப் போகும் ஒரு தாளில் தம் பெயர் இருப்பதை அவர் விரும்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "மேல பேசிட்டு வர்றேன்" என்று சொல்லி ஜீப்பில் ஏறினார்.

ஜீப் மறைந்ததும் அஞ்சம்மாள் இடுப்பில் கை வைத்தபடி செம்பியன் முன்னால் வந்து நின்றார். "இப்ப நீங்க எங்களைக் காப்பாத்துனீங்களா, மாட்டிவிட்டீங்களா? அதைச் சொல்லுங்க முதல்ல."

"ரெண்டும் இல்லம்மா. இருக்கிறதை எழுதினேன்."

"அப்ப அந்தக் கைப்பிடியக் குடுங்க."

"அது என்கிட்டயே இருக்கட்டும். நாளைக்கு இன்னொரு காக்கிச்சட்டையைப் பாத்தா மறுபடியும் எறக்குவீங்க."

"வெள்ளம் வந்தா எறக்கணுமே சார்!" என்றார் தங்கராசு.

"போன் பண்ணுங்க. வந்து எறக்கித் தர்றேன்."

"நீங்க வரலன்னா?"

"வருவேன்."

"நாங்க எப்படி நம்புறது?" என்று அஞ்சம்மாள் கேட்டார். செம்பியன் தம் தொலைபேசி எண்ணைக் கடையின் பலகையில் சுண்ணாம்பால் எழுதினார். அதைத் தங்கராசு தம் கைப்பேசியில் அடித்துப் பார்த்து, செம்பியன் பைக்குள் மணி ஒலித்த பிறகே ஒப்புக்கொண்டார்.

செம்பியன் மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக் கரைமேட்டில் ஏறினார். மேட்டின் உச்சியில் நிறுத்தி, தொலைநோக்கியை எடுத்து, கம்பி மேலேதான் இருக்கிறதா என்று ஒரு முறை திரும்பிப் பார்த்தார். இருந்தது. அதன் கீழே தங்கராசு வின்ச்சின் அருகே குந்தியிருந்தார். கைப்பிடி செருகும் சதுரத் துளையின் அகலத்தை ஓர் ஈர்க்குச்சியால் அளந்து, குச்சியை நகத்தால் கிள்ளி, காதில் செருகிக்கொண்டார்.

செம்பியன் வண்டியைக் கடைப்பக்கமே திருப்பினார்.